மாடப்புறாவும் நீலகிரிக் காட்டுப்புறாவும்

(சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பால்கனிகளுக்கு வலை போடும் பேச்சு வந்ததிலிருந்து நம் வாட்ஸ்அப் குழு இரண்டு கட்சியாகிவிட்டது. "புறா அழிந்துவரும் பறவை, அதைத் துரத்தலாமா?" என்கிறது ஒன்று. "எச்சம் கழுவி மாளவில்லை" என்கிறது மற்றொன்று. நான் காமர்ஸ் படித்தவன். ஆனால் பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று ஒருவர் பணத்தை இன்னொருவர் கணக்கில் வரவு வைக்கக் கூடாது என்பது பாங்க்கில் பழகிய பாடம்.

நம் ஏ.சி. பெட்டி மேல் குடித்தனம் நடத்துவது மாடப்புறா, கொலம்பா லிவியா. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் இருப்பது நீலகிரிக் காட்டுப்புறா, கொலம்பா எல்பின்ஸ்டோனி. பம்பாய் கவர்னர் எல்பின்ஸ்டன் நினைவாக வைத்த பெயர். குடும்பம் ஒன்று, பேரினமும் ஒன்று. பங்காளிகள்தான்.

ஆனால் ஐ.யு.சி.என். சிவப்புப் பட்டியலில் மாடப்புறா 'கவலை குறைந்த இனம்'. காட்டுப்புறா 'அழிய வாய்ப்புள்ள இனம்'. மாடப்புறாவின் பூர்வீகம் பாறை இடுக்கு. அதற்கு நம் அடுக்குமாடியும் ஒரு மலைதான்! தானியம் கிடைத்தால் போதும்; ஈட்டுக்கு இரண்டு முட்டை, வருஷத்தில் பல ஈடு. காட்டுப்புறாவுக்குச் சோலைக்காடும் அதில் பழம் தரும் மரங்களும் வேண்டும். பெரும்பாலும் ஒரே முட்டைதான் இடும். காட்டை அழித்துத் தேயிலையும் காப்பியும் வைத்த இடங்களில் அதன் வீடு சுருங்கிவிட்டது. குன்னூர், வால்பாறைப் பக்கம் போனால் பாருங்கள்: பிடரியில் கறுப்பு வெள்ளையாகச் சதுரங்கக் கட்டம் இருக்கும்.

ஏராளமாக இருப்பதை என்னவும் செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் பயணிப்புறா நூற்றுக்கணக்கான கோடி இருந்தது. சுட்டே தீர்த்தார்கள். கடைசிப் பறவை 1914-ல் சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில் செத்தது. ஆனால் வலை போடுவது கொல்வது ஆகாது. அதேபோல், மொட்டைமாடியில் அரிசி இறைப்பது பறவைப் பாதுகாப்பும் ஆகாது. காய்ந்த எச்சத்தின் தூசி நுரையீரலைக் கெடுக்கும். மேல்மாடியில் ஆஸ்துமாக்காரர்கள் இருக்கிறார்கள். அதனால் வலைக்கு என் ஓட்டு உண்டு, அரிசிக்கு இல்லை.

ஒரே ஒரு கோரிக்கை. வலைக்காரர் வருமுன் அவரவர் பால்கனியைப் பார்த்து, முட்டையோ குஞ்சோ இருந்தால் செயலாளரிடம் சொல்லுங்கள். முட்டையிலிருந்து குஞ்சு வந்து பறக்க ஏழு வாரம் வரை ஆகும். அந்த வீடுகளுக்கு மட்டும் இரண்டாம் தவணையில் போட்டுக்கொள்ளலாம்.