ஏடு காத்தவரும் பொருள் காத்தவரும்
(சுருத பஞ்சமி விழாவில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

நூலுக்கென்று ஒரு திருநாள் கொண்டாடும் மரபு நம்முடையது. தரசேனாசாரியரிடம் கேட்ட ஆகமப் பொருளைப் புட்பதந்தரும் பூதபலியும் எழுத்தில் நிறுத்தியதை நினைந்தே சுருத பஞ்சமியில் ஏடுகளை வணங்குகிறோம். செவிவழி வந்த அறிவு மறைந்துவிடுமோ என்ற கவலையில் தோன்றிய நாள் இது. அக்கவலை நமக்கும் உரியது என்பதால், தமிழ் இலக்கிய வரலாற்றிலிருந்து ஒரு நிகழ்ச்சியை நினைவூட்ட விரும்புகிறேன்.

1880ஆம் ஆண்டு கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்த பின்னரே உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைக் கற்கத் தொடங்கினார். 13 இலம்பகங்கள் கொண்ட பெருங்காப்பியம். நச்சினார்க்கினியர் உரையும் கைக்குக் கிடைத்தது. பெரும்புலமையும் அவரிடம் இருந்தது. எனினும் சைன சமயக் கருத்துகள் வந்த இடங்களில் பொருள் தெளியவில்லை. எனவே அவ்வூர்ச் சமணர்களை நாடிச் சென்றார்.

வீடூர் அப்பாசாமி நயினார் இல்லத்திற்குச் சென்றபோது அங்கே விழாக்கோலம் கண்டார். காரணம் வினவியபோது, அன்று சிந்தாமணி பாராயணம் நிறைவுற்றது என அறிந்தார். தமிழறிஞர் பலர் கண்ணால் கண்டிராத நூல், ஒரு குடும்பத்தார் கூடியிருந்து கேட்டு மகிழும் நூலாக அங்கே வாழ்ந்துகொண்டிருந்தது! அவர்களிடம் கேட்டுத் தெளிந்து, ஏடுகள் பலவற்றை ஒப்பிட்டு, 1887இல் அதனை அச்சில் வெளியிட்டார். பிற்காலத்தில் ஆனந்த விகடனில் எழுதிய ‘என் சரித்திரம்’ நூலில் இவ்வுதவியை நன்றியுடன் பதிவு செய்தார்.

இதில் எழுத்துத் தொழில் பற்றிய உண்மையொன்று அடங்கியுள்ளது. ஏடு சொல்லைக் காக்கும். பொருளைக் காப்பது வாழும் மரபு. அதை அறிந்து, தம்மினும் கல்வியில் குறைந்தவராயினும் பொருளறிந்தாரிடம் அமர்ந்து கேட்டதே சாமிநாதையரின் பெருமை. இக்காலத்தில் ‘அருகர்களின் பாதை’ எழுதிய ஜெயமோகனும் சமணத் தலங்களைத் தேடி நெடும்பயணம் சென்றே எழுதினார். கேட்டும் கண்டும் எழுதுவோர் இன்றும் உளர்.

ஆனால் அவர்கள் நம் வீட்டு வாயிலில் வந்து நின்றால், விடை சொல்ல நாம் ஆயத்தமாக இருக்கிறோமா? சிந்தாமணி இன்று எந்த நூலகத்திலும் கிடைக்கிறது. அது நிறைவுற்றதற்குத் தோரணம் கட்டும் இல்லங்கள் எத்தனை? அன்று நூல் அரிதாயிருந்தது, கேட்போர் இருந்தனர். இன்று நூல் மலிந்திருக்கிறது, கேட்போர் அருகிவிட்டனர். கரையான் அரித்த ஏட்டுக்கு மறுபடி எடுக்கலாம். பொருள் சொல்லும் பாட்டியின் நினைவு மறைந்தால் அதற்கு ஏது மறுபடி?

ஆகவே ஒரு வேண்டுகோள். சாத்திர தானம் என்பது நூலை அச்சிட்டு வழங்குவதோடு முடிவதன்று. கற்றுக் கொடுப்பதும் அதில் அடங்கும். சிந்தாமணியோ, நாலடியாரோ, ஸ்ரீபுராணமோ, ஏதேனும் ஒன்றை ஒவ்வொரு குடும்பமும் இவ்வாண்டு தொடங்கட்டும். நாளொன்றுக்கு ஒரு பக்கம் போதும். முதியோர் பொருள் கூற, இளையோர் அதை எழுதிக்கொள்ளட்டும். நிறைவுறும் நாளில் வாயிலில் மாவிலைத் தோரணம் கட்டுங்கள். தெருவில் செல்வோர் “இன்று என்ன விசேடம்?” என்று கேட்கட்டும். “எங்கள் வீட்டில் ஒரு நூல் நிறைவுற்றது” என்று நம் பிள்ளைகள் விடை சொல்லட்டும்.

 வாழ்க அறம்! வளர்க தமிழ்!