இசைத் தயாரிப்பைக் கல்லூரியில் படிக்க வேண்டுமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் ராயப்பன்பட்டிக்காரன். இதே கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, இப்போது சென்னையில் ஒலிக்கருவிகள் சம்பந்தப்பட்ட வேலையில் இருக்கிறேன். அதனாலேயே ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரு கேள்வி என்னைத் தேடி வருகிறது. "அண்ணே, மியூசிக் புரொடக்ஷன் கோர்ஸ் படிக்கலாமா? கட்டுற காசுக்குப் பலன் இருக்குமா?" கேட்ட தம்பியின் அப்பா பிறகு தனியாகக் கூப்பிட்டு, "தோட்டத்தை ஒத்திக்கு வச்சுத்தான் பீஸ் கட்டணும். நீ சொல்லுப்பா" என்கிறார். ஒரு திராட்சைத் தோட்டம் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் பொறுப்போடுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

படிப்பே வேண்டாம் என்பவர்கள் நம் பள்ளத்தாக்கிலிருந்தே உதாரணம் காட்டுவார்கள். "பண்ணைப்புரத்து ராஜா சார் எந்தக் காலேஜுல மியூசிக் படிச்சாரு?" என்று கேட்டுவிட்டு, வழக்கு முடிந்தது மாதிரி டீக் கிளாஸைக் கீழே வைப்பார்கள்.

கொஞ்சம் பொறுங்கள். இளையராஜா அவர்கள் சின்ன வயதிலேயே அண்ணன் பாவலர் வரதராஜன் குழுவோடு ஊர் ஊராகப் போய் வாசித்தார். அது முதல் பள்ளிக்கூடம். சென்னைக்குப் போனதும் தன்ராஜ் மாஸ்டரைத் தேடிப் போய் மேற்கத்திய இசையை முறையாகக் கற்றார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வை எழுதித் தங்கப் பதக்கம் வாங்கினார். ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக உழைத்தார். 1976-ல் 'அன்னக்கிளி' வந்தது இத்தனைக்கும் பிறகுதான். காலேஜுக்குப் போகவில்லை என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். படிக்கவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஏ.ஆர். ரஹ்மானும் அதே தன்ராஜ் மாஸ்டரின் மாணவர்தான். பள்ளிப் படிப்பையே பாதியில் விட்ட அவர்தான் 2008-ல் சென்னையில் கே.எம். இசைக் கல்லூரியைத் தொடங்கினார். 2024-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் இளையராஜா பெயரிலேயே இசைக் கற்றலுக்கும் ஆய்வுக்கும் ஒரு மையம் அமைக்க ஒப்பந்தம் ஆனது. தானாக வந்துவிடும் என்று நாம் நினைக்கிற வித்தையை, அதில் கரை கண்ட இருவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியது என்றே கருதுகிறார்கள்.

அன்றைக்கு ஸ்டூடியோவே ஒரு பள்ளிக்கூடமாக இருந்தது. வயலின்காரர்கள், தபேலாக்காரர், பாடகர் எல்லோரும் ஒன்றாக இருந்து வாசித்தார்கள். மைக் ஸ்டாண்டு தூக்கிய பையன்கூட இரண்டு வருஷத்தில் காதால் தொழில் கற்றுக் கொள்வான். இன்றைக்கு ஒரு லேப்டாப், ஒரு ஹெட்போன், சாத்திய கதவு. "தம்பி, இந்த இடம் சரியில்லையே" என்று சொல்ல பக்கத்தில் ஆள் இல்லை. இப்போது படிப்பு தேவைப்படுவதற்குப் பெரிய காரணமே இதுதான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பத்தடி அறை என்றால் சுமார் 3 மீட்டர். ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்த இரண்டு சுவர்களுக்கு நடுவே சுமார் 57 ஹெர்ட்ஸ் ஒலி மாட்டிக் கொண்டு நிற்கும். சுவரோரம் அது பலமாகக் கேட்கும், நட்ட நடுவில் கேட்கவே கேட்காது. டிரம்மின் அடியொலியும் பேஸ் கிட்டாரும் இருக்கிற பகுதி அது. நடுவில் ஸ்பீக்கர் வைத்துக் கேட்கிற தம்பி, பேஸ் போதவில்லை என்று ஏற்றிக் கொண்டே போவான். அதே பாட்டு கம்பம் பஸ்ஸில் ஓடும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும். உடனே சாஃப்ட்வேரைக் குறை சொல்லி வேறொன்று வாங்குவான். கோளாறு இருந்ததோ சுவரில்!

இன்னொன்று. பறைக்கு இரண்டு மைக் வைக்கிறோம். ஒன்று மற்றதைவிட 34 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், ஒலி அங்கே நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு தாமதமாகப் போய்ச் சேரும். இரண்டையும் சம அளவில் கலந்தால் 500 ஹெர்ட்ஸ் பக்கம் ஒன்றையொன்று அடித்துக் கொண்டு ஒலி மெலிந்துவிடும். நம்ம ஊர்த் திருவிழாவில் ரேடியோ செட் போடுகிற அண்ணன்மார் மைக்கை ஒரு சாண் நகர்த்தி இதைச் சரி செய்வதைப் பார்த்திருப்பீர்கள். அனுபவம் அவர்களுக்குக் கையில் இருக்கிறது. ஏன் அப்படி ஆகிறது என்பது தெரிந்தால் புது இடத்திலும் தடுமாற வேண்டாம். பாடத்தின் பயன் அங்கேதான்.

சரி, தோட்டத்து விஷயத்துக்கு வருகிறேன். என் பதில்: படியுங்கள், ஆனால் தோட்டத்தை ஒத்திக்கு வைத்துப் படிக்காதீர்கள். இந்தத் தொழிலில் சர்டிபிகேட்டைக் கேட்கிறவர்கள் குறைவு. "என்ன செஞ்சிருக்க, போட்டுக் காட்டு" என்பார்கள். ஆரம்பத்தில் வருமானம் கொஞ்சம், அதுவும் மாதாமாதம் வராது. தோட்டத்து விளைச்சலோ மீட்கும் வரை ஒத்தி பிடித்தவர் கைக்கே போய்க்கொண்டிருக்கும்.

சாஃப்ட்வேரில் எந்தப் பட்டன் எதற்கு என்பதை வீட்டிலிருந்தே கற்கலாம், அதற்கு லட்சங்கள் வேண்டாம். முதலில் இங்கே பட்டப் படிப்பை முடியுங்கள். கூடவே எங்கள் ஊர்க் கோயில் பாடகர் குழு, கும்மிப் பாட்டுப் பாடும் பாட்டிமார், திருவிழாப் பறை என்று பத்துப் பதிவுகள் செய்து பாருங்கள். பத்தாவது முடிந்த பிறகும் ஆசை குறையவில்லையா, தாராளமாகப் போங்கள். சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவுக்கென்றே பட்டப் படிப்பு இருக்கிறது. புனே திரைப்படக் கல்லூரியில் 1995-ல் படிப்பை முடித்த ரசூல் பூக்குட்டி, 2009-ல் ஒலிக்கலவைக்காக ஆஸ்கார் வாங்கினார்.

தனியார் நிலையமானால், பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் ஸ்டூடியோ என் கைக்குக் கிடைக்கும்? என் பதிவைக் கூட உட்கார்ந்து கேட்டுத் திருத்துகிறவர் யார், அவர் இன்றும் தொழிலில் இருக்கிறாரா? போன வருஷம் முடித்த இரண்டு பேரிடம் நான் பேசலாமா? பதில் மழுப்பலாக வந்தால், நல்ல பிள்ளையாக ஊருக்கு பஸ் ஏறிவிடுங்கள்.

கடைசியாக நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரியில் ஒரு சின்ன அறை, கனமான திரைச்சீலை, இரண்டு நல்ல மைக், ஒரு கம்ப்யூட்டர் போதும். எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர்களும் பாடத் தெரிந்தவர்களும் நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். ஊருக்கு வருகிறவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, தம்பி தங்கைகளின் பதிவைக் கேட்டு நல்லது கெட்டது சொல்லலாம். முதல் மைக்கை நான் வாங்கித் தருகிறேன். ஒருவேளை அதனால் ஒரு குடும்பத்தின் தோட்டம் அவர்கள் கையிலேயே தங்கும்.