கோமகன் பெயரில் ஒரு கால்வாய்



கால்வாய் என்றதும் சேலம், நாமக்கல்காரர்களுக்கு மேட்டூர் வாய்க்கால்தான் நினைவுக்கு வரும். நான் பேச வந்தது பயிருக்குப் பாயாத ஒரு கால்வாயைப் பற்றி.

இங்கிலாந்தில் பிரிட்ஜ்வாட்டர் கோமகன், தன் சுரங்கத்து நிலக்கரியை மான்செஸ்டருக்குக் கொண்டுபோக வெட்டிய கால்வாய் 1761இல் திறக்கப்பட்டது. நகரத்தில் கரி விலை பாதியாக இறங்கியது. பாடப் புத்தகத்தில் இதைத் தொழிற்புரட்சி என்று படிக்கிறோம். நம் கடற்கரையிலும் ஒரு கோமகன் பெயரில் கால்வாய் இருக்கிறது. அதுதான் பக்கிங்காம் கால்வாய். அதில் படகேறி வந்தது அடுப்புக்கரி, சவுக்கு விறகு, உப்பு. சென்னைப் பட்டணத்து அடுப்புகள் நெடுங்காலம் அதை நம்பி எரிந்தன.

தொடக்கத்தில் அது காக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரியின் கால்வாய். 1806 வாக்கில் சென்னைக்கும் எண்ணூருக்கும் நடுவே வெட்டியது. பிறகு வடக்கே பழவேற்காட்டையும் தாண்டி, தெற்கே மரக்காணம் வரை என்று நீண்டு சுமார் 420 கிலோமீட்டர் ஆனது. நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டர், 1877–78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போதைய கவர்னர் பக்கிங்காம் கோமகன். பெயர் அவருக்குப் போயிற்று.

வெட்டியவர்களுக்கு என்ன போயிற்று? ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி, நிவாரணக் கூலியை ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், கூடச் சில்லறைக் காசு என்று குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்க மண் சுமக்க வேண்டும். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், அவரும் வெள்ளைக்காரர்தான், இது போதாது, ஒன்றரை பவுண்டாவது வேண்டும் என்று சண்டை போட்டார். அரசாங்கக் காகிதத்தில் அந்த வாதம் இருக்கிறது. கூடை சுமந்தவளின் வாதம் இல்லை.

இதற்கும் நமக்கும் என்ன என்று கேட்கலாம். அதே தாது வருடப் பஞ்சத்தில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று சேலம். நாமக்கல் அன்று அதற்குள்தான் இருந்தது. 1871 கணக்கில் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். 1881இல் 16 லட்சம். செத்தவர்கள், இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்கள், எங்கே போனார்கள் என்றே தெரியாதவர்கள், எல்லோரும் அந்த மூன்றரை லட்சத்துக்கும் மேலான கணக்குக்குள் அடக்கம். நிலமில்லாத பண்ணையாளுக்கு, மழை பொய்த்த முதல் மாதமே வேலை போனது. விற்க மாடில்லை, அடகு வைக்கக் காணியில்லை. பஞ்சம் எல்லோருக்கும் பொது என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இன்று அந்தக் கால்வாய்க்கு மேலே பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் அதில் கலக்கிறது. கடைசியில் கரி இப்படித்தான் வந்து சேர்ந்தது. தூண் ஊன்றியதை வளர்ச்சி என்கிறோம். கரையில் குடிசை போட்டவர்களுக்கு மட்டும் ஆக்கிரமிப்பாளர் என்று பெயர். அவர்களைத்தான் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஏற்றி அனுப்புகிறார்கள்.

மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊர் ஏரிக்கரை, பழைய ரோடு, இவற்றில் எது பஞ்ச வேலையில் போட்டது என்று சேரியின் மூத்தவர்களிடம் விசாரித்து எழுதி வாருங்கள். யார் மண் வெட்டினார்கள், எந்தத் தெருவிலிருந்து போனார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.