எலும்பைத் தேடிப் போகும் மருந்து
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் வைத்திக்குப்பத்துக்காரன். மாசி மகத்தன்று மயிலம் முருகன் முதல் சுற்றுவட்டாரச் சாமிகள் எல்லாம் எங்கள் கடற்கரைக்கு வருவதைப் பார்த்திருப்பீர்கள். எத்தனை தெரு குறுக்கிட்டாலும் சாமி வழி தவறுவதில்லை. ரத்தத்தில் ஏற்றும் மருந்துக்கு அப்படி வழி தெரியாது, உடம்பெல்லாம் சுற்றும். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஆஸ்டியோசர்கோமா என்ற எலும்புப் புற்றுநோய் பெரும்பாலும் 10 முதல் 20 வயதுப் பிள்ளைகளுக்கு, முழங்காலை ஒட்டி வருகிறது. "கட்டியை வெட்டி எடுத்தால் போதாதா சார்?" என்று கேட்பீர்கள். போதாது. அறுவை மட்டும் செய்த காலத்தில் பத்தில் எட்டுப் பேருக்கு நோய் திரும்பி வந்தது, பெரும்பாலும் நுரையீரலில். மருந்தும் சேர்ந்த பிறகு, பரவுமுன் வருபவர்களில் பத்துக்கு ஆறேழு பேர் பிழைக்கிறார்கள்.

அம்மருந்துகளில் ஒன்று மெதோட்ரெக்சேட். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் தலைமை வகித்த குழு தந்தது. கட்டிக்குள் போதிய அளவு நுழைய அதை ஏராளமாக ஏற்ற வேண்டும்; அப்போது நல்ல செல்லும் சாகும். ஆகவே ஒரு நாள் கழித்து லூக்கோவோரின் கொடுத்து நல்ல செல்லைக் காப்பாற்றுகிறார்கள்.

மருந்தையே குறிபார்த்து அனுப்பினால்? பிஸ்பாஸ்பனேட் வகை மருந்து எலும்பின் கால்சியத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் வழக்கமான சிகிச்சையோடு அவ்வகையான சொலெட்ரோனிக் அமிலம் சேர்த்தும் பலன் கூடவில்லை என்று பிரான்சில் நடந்த ஓஎஸ்2006 ஆய்வு 2016இல் சொன்னது. ஒட்டுவது வேறு, கொல்லுவது வேறு! அதனால் பிஸ்பாஸ்பனேட்டை வண்டியாக்கி, கொல்லும் மருந்தை அதில் ஏற்றிப் பார்க்கிறார்கள். லிபோசோம் என்ற நுண்ணிய கொழுப்பு உறைக்குள் அடைத்த மிஃபாமுர்டைட் 2009இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. அது நம் நோய் எதிர்ப்பு செல்களையே தூண்டிவிடும். எலும்பிலேயே மருந்தை வைத்துவிடும் முறையும் ஆய்வில் உண்டு. ஆனால் நுரையீரலுக்குப் போன விதையை அது எட்டாது. இரண்டையும் எட்டும் வண்டி இன்னும் வேண்டும். வேதியியல், மருந்தியல் படிக்கும் தம்பி தங்கைகளே, அந்த வேலை உங்களுக்காகக் காத்திருக்கிறது.

மற்றவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. பிள்ளை முழங்கால் வலி என்று வாரக்கணக்கில் சொன்னால், ராத்திரியில் வலித்தால், வீக்கம் தெரிந்தால், பந்து விளையாடிய சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்துக் கட்டுப் போட்டு மாதங்களை ஓட்டாதீர்கள். ஓர் எக்ஸ்ரே எடுங்கள். கோரிமேட்டு ஜிப்மரில் மண்டலப் புற்றுநோய் மையமே இருக்கிறது. எவ்வளவு நல்ல மருந்தானாலும், நேரத்தோடு வந்தவருக்குத்தான் முழுப் பலன் தரும்.