நடு எழுத்து மறைந்தால் நாள் கடத்தாதீர்கள்





நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தாய், குர்ஆன் ஓதும்போது பார்க்கும் எழுத்து மட்டும் மறைகிறது என்று எங்களிடம் சொன்னார்கள். "கண்புரையாக இருக்கும், அடுத்த முகாமுக்கு வாருங்கள்" என்றோம். முகாம் வர ஐந்து மாதம் ஆனது. அங்கேதான் அது புரை அல்ல, விழித்திரையின் நடுவில் விழுந்த ஓட்டை என்று தெரிந்தது. தவறு எங்களுடையது. அது இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது என்றே இதைப் பேசுகிறோம்.

விழித்திரையின் நடுப்பகுதிக்கு மாக்குலா என்று பெயர். எழுத்தையும் முகத்தையும் தெளிவாகக் காட்டுவது அதுதான். வயதாகும்போது கண்ணுக்குள் இருக்கும் கூழ் சுருங்கி விலகும். சிலருக்கு அது விலகும்போது நடுப்பகுதியை இழுத்துக் கிழித்துவிடும். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, இது அதிகம். கண்ணில் பலமாக அடிபட்டாலும் வரலாம். கண்ணாடி மாற்றினால் சரியாகாது.

முன்பு இதற்கு வைத்தியமே இல்லை என்றிருந்தார்கள். 1991-இல் அமெரிக்காவில் கெல்லி, வெண்டெல் என்ற இரு மருத்துவர்கள் 52 கண்களில் அறுவை செய்து, பாதிக்கு மேற்பட்டவற்றில் ஓட்டையை மூடிக் காட்டினார்கள். இன்று சுமார் பத்தில் ஒன்பது பேருக்கு மூடுகிறது. அந்தக் கூழை எடுத்து, மெல்லிய சவ்வை உரித்து, கண்ணுக்குள் வாயு நிரப்புகிறார்கள். வாயுக்குமிழி மேலே மிதந்து ஓட்டையை அழுத்த வேண்டும் என்பதால், மருத்துவர் சொல்லும் நாள்வரை முகத்தைக் கவிழ்த்தே இருக்க வேண்டும். மல்லாந்து படுக்கக் கூடாது. கண்ணில் தண்ணீர் படக் கூடாது. உளூவுக்கும் தொழுகைக்கும் நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு, ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உம்ராவுக்கோ, வளைகுடாவில் இருக்கும் பிள்ளையிடமோ போக டிக்கெட் எடுத்திருந்தால் தள்ளிவையுங்கள். வாயு முழுதும் கரையும்வரை விமானம் ஏறக் கூடாது. ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலைக்கும் போகக் கூடாது. உயரத்தில் வாயு விரிந்து கண்ணையே கெடுத்துவிடும். அது கரைய வாயுவின் வகையைப் பொறுத்து இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம்வரை ஆகும். அதற்குள் வேறு அறுவை எதற்காவது மயக்கம் கொடுப்பதாக இருந்தால், கண்ணில் வாயு இருப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

பார்வை மெல்ல மெல்ல, பல மாதங்களில் தெளியும். பழைய பார்வை முழுதாக வரும் என்று சொல்ல முடியாது. சீக்கிரம் போனவர்களுக்கே அதிகம் திரும்புகிறது. அந்தத் தாய்க்கு ஓட்டை மூடிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். பெரிய எழுத்து முஸ்ஹபில் ஓதுகிறார்கள். அந்த ஐந்து மாதத்தை எங்களால் திருப்பித் தர முடியவில்லை.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் கதவு நிலையைப் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றிப் பாருங்கள். கோடு வளைந்தாலோ, நடுவில் மறைந்தாலோ முகாமுக்குக் காத்திருக்க வேண்டாம். சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையிலும் புதுச்சேரி அரவிந்திலும் விழித்திரைப் பிரிவு உண்டு. காப்பீட்டு அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வழிச்செலவு இல்லையென்றால் தயங்காமல் எங்களிடம் வாருங்கள். இந்த முறை காத்திருக்கச் சொல்லமாட்டோம், இன்ஷா அல்லாஹ்.