விட்டு வந்த வீடுகளை வரைதல்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



சித்திரம் பற்றிப் பேசும்படி கேட்ட தலைவி, "கொஞ்சம் சுருக்கமாக" என்றும் சொன்னார். சித்திரப் பாடத்துக்கு மிஞ்சிய நேரம்தான் என்பது எங்களுக்குப் பழகிப்போன விஷயம்.

2011இல் ரேக்கிங் லீவ்ஸ் பதிப்பகம் வெளியிட்ட ஒரு நூலைப் பற்றிச் சொல்லப்போகிறேன். அதன் ஆங்கிலப் பெயருக்கு 'முற்றுப்பெறாத தோம்பு' என்று பொருள். ஆக்கியவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன். தோம்பு என்பது போர்த்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் எழுதிவைத்த காணிப் பதிவேடு. யாருடைய நிலம், எத்தனை மரம் என்பது அதில் இருக்கும். அந்த வீட்டு விறாந்தையில் யார் படுத்துறங்கினார் என்பது இருக்காது.

சனாதனன் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களிடம் போனார். விட்டு வந்த வீட்டின் படத்தை ஞாபகத்திலிருந்து வரைந்து தரும்படி கேட்டார். பென்சில் பிடித்துப் பழகாத கைகள் வரைந்த அந்தக் கோணல் கோடுகளை, கட்டடக் கலைஞர் ஒருவர் அடிமட்டம் வைத்து முறையான வீட்டுப் படமாக மாற்றினார். அதன்பின் அந்த மனிதரின் கதைக்குத் தன் மனதில் எழுந்த உருவத்தை சனாதனன் உலர் பாஸ்டலில் வரைந்தார். இப்படி ஒரே வீடு மூன்று முறை வரையப்பட்டிருக்கிறது. எனக்கு எப்போதும் முதற் படம்தான் பெரிது. கட்டடக் கலைஞரின் படத்தில் அளவு சரியாக இருக்கிறது, ஆனால் வீடு காலியாகிவிடுகிறது.

இவர் 2004இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் வைத்த ஆக்கத்திலும் இதே எண்ணம்தான். வீடு வீடாகச் சேர்த்த பொருட்கள் அங்கே வைக்கப்பட்டிருந்தன. 1981இல் எரிந்த கட்டடத்துக்குள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இளையவர்களும் இருக்கிறார்கள். ஜஸ்மின் நிலானி ஜோசப் பேனைக் கோடுகளால் வேலிகளையும் கைவிடப்பட்ட வளவுகளையும் வரைகிறார். கிழக்கில் பாக்கியராஜா புஷ்பகாந்தன் காணாமல் ஆக்கப்பட்டவர்களை வரைகிறார். உடல் கிடைக்காத மரணத்துக்குக் கிரியை செய்ய முடியாது, எட்டுச் செலவு வைக்க முடியாது. கோடு அந்த இடத்தில் போய் நிற்கிறது என்று நான் நினைக்கிறேன்.

அந்த நூலைப் பார்த்தபின் என் அம்மாவிடமும் ஒரு கணக்குக் கொப்பியைக் கொடுத்தேன். 1995 ஒக்டோபரில் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வெளிக்கிட்டவர் அவர். பிறகு வெள்ளவத்தையில் நாலாம் மாடி. வாசலிலிருந்து தொடங்குவார் என்று பார்த்தேன். கிணற்றடியிலிருந்து தொடங்கினார். குசினி மற்ற எல்லா அறைகளையும்விடப் பெரிதாக வந்தது. நடு மண்டபத்தில் ஒரு நீள்சதுரம் போட்டார். "மேசையா அம்மா?" என்று கேட்டேன். "இல்லைப் பிள்ளை, ஐயாவைக் கிடத்தின இடம். தெற்குத் தலை" என்றார். எந்த உறுதியிலும் எந்தத் தோம்பிலும் அந்தச் சதுரம் இல்லை.

போன வருடம் அம்மாவும் போய்விட்டார். தொடர்மாடி மின்தூக்கிக்குள் பெட்டி போகாது என்பதால் பொரளையில் ஒரு மலர்ச்சாலையில்தான் வைத்தோம். அவரைக் கிடத்திய இடத்தை என் பிள்ளைகள் வரையமாட்டார்கள், அது வாடகை மண்டபம்.

இந்த மண்டபத்தில் எண்பது வயதைத் தாண்டிய அக்காமார் இருக்கிறீர்கள். 1983 ஜூலையில் எரிந்த வெள்ளவத்தை வீடுகளின் உட்புறம் உங்களுக்குத் தெரியும். கொட்டாஞ்சேனையில் இடித்து அடுக்குமாடியாக்கிய வீடுகளில் மாடிப்படி எந்தப் பக்கம் திரும்பியது என்பதும் தெரியும். உங்களுக்குப் பிறகு அதைக் கேட்க ஆள் இல்லை. நூற்றாண்டு மலரில் குழுப்படங்கள் நிறைய வரும், நல்லது. உங்கள் வீடுகளுக்கும் சங்கச் செயலாளர் சில பக்கங்கள் ஒதுக்கச் சம்மதித்திருக்கிறார்.

வரையத் தெரியாது என்று சொல்ல வேண்டாம், கோணலாகவே தாருங்கள். தேநீர் மேசைக்குப் பக்கத்தில் உயர்தர வகுப்புச் சித்திர மாணவிகள் தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அழிரப்பர் வைக்க வேண்டாமென்று நான்தான் சொன்னேன்.