இருபது நிமிடமா, ஒரு மணியா?



திருப்பெரும்புதூரை அடுத்த பள்ளியொன்றில் ஒருநாள் நான் கொடுத்த கணக்கு இது: சென்னை, பெங்களூர் விமான நிலையங்களுக்கிடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 270 கிலோமீட்டர், மணிக்கு 810 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் எவ்வளவு நேரத்தில் சென்றடையும்?

இருபது நிமிடம் என்பது என் விடை. ஒரகடத்துத் தொழிற்சாலையொன்றில் பணிபுரிந்தவரின் மகன் மட்டும் ‘ஒரு மணி நேரம்’ என்று எழுதினான். சுழியம் இட்டேன். “அப்பா போய்வந்தார், ஐயா” என்றான். உட்காரச் சொன்னேன்.

ஓய்வு பெற்றபின் நானே அவ்வழி பறந்தபோதுதான் என் பிழை விளங்கிற்று. 810 என்பது உயரே சமமாகப் பறக்கும்போதுள்ள வேகம். அதற்கு முன் விமானம் ஓடுபாதைவரை ஊர்ந்து, முறைக்குக் காத்திருந்து, மேலே ஏறவேண்டும். குறுகிய வழியாதலின், ஏறி முடித்த சற்று நேரத்திலேயே இறங்கத் தொடங்கி வேகத்தைத் தணிக்கிறது. கால அட்டவணையோ, நிலையத்தை விட்டு நகர்வதுமுதல் மறுநிலையத்தில் நிற்பதுவரை எண்ணுகிறது.

நம் பகுதியார்க்கு வேறொரு வேடிக்கையும் உண்டு. மேற்கேயுள்ள பெங்களூருக்குப் பறக்க, முதலில் கிழக்கே மீனம்பாக்கம் செல்லவேண்டும்! இறங்கும் தேவனஹள்ளியும் நகருக்கு வெகு வடக்கே உள்ளது.

அச்சுழியத்தை நான் திருத்தவில்லை. அவன் அவ்வாண்டே வேறு ஊர் சென்றுவிட்டான்.